வாரத்துக்கு 168 மணி: வேலை, வீடு, கனவு பற்றி வாசகர் கேள்விகள்

"எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நமக்கு" என்று சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு நாளையும் அப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். மாலையில் ஒரு பட்டப்படிப்புக்கும் படிக்க வேண்டும். ஒரு நாளும் கணக்கு நேராகவில்லை. எங்கே தப்புச் செய்கிறேன்?
– அலுவலகப் பணியில் உள்ள ஒரு தாய்

தப்பு உங்களிடம் இல்லை, அந்த மூன்று எட்டில் இருக்கிறது. பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் 1817-இல் அந்தக் கோரிக்கையை எழுப்பியபோது, ஆலைகளில் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஆட்களைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில், தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அது முதலாளிக்குப் போட்ட வேலி. நாம் அதை வீட்டுக்குக் கால அட்டவணையாக எடுத்துக்கொண்டுவிட்டோம். போகவர ஆகும் நேரம் அதில் கிடையாது, துணி மடிப்பது கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் கிடையாது.

நாளை விட்டுவிட்டு வாரத்தை அளந்து பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தூக்கம் தினமும் ஏழரை மணி, வாரத்துக்கு 52.5. அலுவலகம் ஐந்து நாள், நாளுக்கு 9 மணி, ஆக 45. போகவர நாளுக்கு ஒன்றரை மணி, 7.5. குளியல், சாப்பாடு, கிளம்புவது தினமும் இரண்டரை மணி, 17.5. வீட்டு வேலை தினமும் 2 மணி, 14. பிள்ளைகளின் பாடம், பெரியவர்களைக் கவனிப்பது 10. கூட்டினால் 146.5. மிச்சம் 21.5 மணி.

"இவ்வளவு மிச்சமா! எங்கே போகிறது?" என்று தோன்றும். அது முழுதாக எங்கேயும் கிடப்பதில்லை. 15 நிமிஷம் இங்கே, 20 நிமிஷம் அங்கே என்று சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. சில்லறையைக் கையில் எடுத்ததும் போன் வந்து வாங்கிக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் சொந்தக் கணக்கை எடுப்பது. ஒரு நாளுக்கு 48 கட்டம், கட்டத்துக்கு அரை மணி, ஏழு நாளுக்கு 336 கட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு திரும்பியதும், படுக்கப் போகும்முன் என்று மூன்று வேளை நிரப்புங்கள். ராத்திரி மொத்தமாக எழுதினால் நினைவு ஏமாற்றிவிடும். கஷ்டப்பட்ட வேலை நீண்டு தெரியும், போனில் போன நேரம் சுருங்கித் தெரியும். விடுமுறை வரும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். "ஆபீஸ்" என்று ஒரே வார்த்தையில் பத்துக் கட்டங்களை நிரப்பாதீர்கள். மீட்டிங், மெயில், சொந்த வேலை என்று பிரித்து எழுதினால்தான் உபயோகம். இன்னொன்று, மூன்றாம் நாள் தாளைப் பார்த்துக் கூச்சப்பட்டு நல்லபிள்ளையாக நடந்துகொள்ள ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். தாளை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

வாரம் முடிந்ததும், யாரும் குறுக்கிடாமல் ஒரு மணிக்கு மேல் தொடர்ந்து கிடைத்த ஓய்வு நேரங்களை மட்டும் வட்டமிடுங்கள். அதைக் கெட்டி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் உதிரி. படிப்புக்கு உதிரி உதவாது. புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் இருபது நிமிஷம் ஓடிவிடும். கட்டணம் கட்டுவது, படிவம் நிரப்புவது, போன் பேசுவது, அலமாரி ஒழிப்பது போன்ற சின்ன வேலைகள் இப்போது ஐந்து மாலைகளையும் கொறித்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒரே மாலையில் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அந்த மாலை நாசமாகும், ஆனால் வேறு இரண்டு மாலைகள் கெட்டியாகும்.

மிச்சமான 21.5-ஐயும் படிப்புக்கு எழுதிவிடாதீர்கள். பாதிதான் உங்களுடையது, மறுபாதியைக் காய்ச்சலும் விருந்தாளியும் கசியும் குழாயும் எடுத்துக்கொள்ளும். மூன்று மாலைகளில் ஒன்றரை மணி, விடுமுறை நாளில் ஒரு மூன்று மணி. ஆக வாரத்துக்கு ஏழரை மணி, நான்கு வாரத்துக்கு 30. பாடத்திட்டத்துக்கு வாரம் 15 மணி தேவை என்றால், தூக்கத்தில் கைவைக்காமல் படிப்பை இரண்டு மடங்கு காலத்துக்கு நீட்டுங்கள். பெரும்பாலான மாலைநேரப் படிப்புகளில் பாடங்களைக் குறைத்து எடுத்துக்கொள்ள வழி இருக்கும். சேரும்முன்பே கேட்டுவையுங்கள்.

வீட்டுக்கு ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன். மனசு மட்டும் பத்து மணிவரை ஆபீஸில் இருக்கிறது. குழந்தை பேசுவது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை.
– கணக்குப் பிரிவு ஊழியர்

நீங்கள் கேட்டிருப்பது நேரத்தைப் பற்றி அல்ல, கதவைப் பற்றி. வெளியே வந்துவிட்டீர்கள், சாத்தவில்லை.

முடிக்காத வேலை மனதில் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதை உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பழைய வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது, முந்தையதை முடிக்காமல் வந்திருந்தால் இன்னும் மோசம் என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். இதற்கு மருந்து வேலையை முடிப்பதுதான் என்றால் யாரும் எந்தக் காலத்திலும் வீட்டுக்கு வர முடியாது. நல்லவேளையாக மஸிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சலுகை தருகிறது. முடிக்க வேண்டியதில்லை, எப்போது, எப்படி முடிக்கப்போகிறோம் என்று தெளிவாக ஒரு திட்டம் எழுதினாலே மனது விட்டுக்கொடுக்கிறது.

கிளம்ப வேண்டிய நேரத்துக்கு 15 நிமிஷம் முன்னால் அலாரம் வையுங்கள். முதல் ஐந்து நிமிஷம்: பாதியில் நிற்பதையெல்லாம் ஒரு தாளில் இறக்குங்கள். அடுத்த ஏழு எட்டு நிமிஷம்: ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த ஒரே ஒரு அடி, நேரம். கடைசி ஒன்றிரண்டு நிமிஷம்: திறந்து கிடக்கும் பைல்களை மூடி, நாளைக் காலை முதலில் தொடவேண்டியதை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

எழுதுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "காலாண்டு அறிக்கை" என்று எழுதினால் அது குறிப்பு அல்ல, தலைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு மனது அதை எடுத்து வைத்துக்கொண்டு "அதில் என்ன?" என்று குடையும். இப்படி எழுதுங்கள்: "காலாண்டு அறிக்கை, மூன்றாம் பக்க அட்டவணை, ஜூன் மாதச் செலவு இரண்டு முறை ஏறியிருக்கிறது, காலை 10 மணிக்குக் கொள்முதல் பிரிவில் பில் எண் கேட்கணும்." இதற்குமேல் மனதுக்குக் குடைய ஒன்றும் இல்லை.

இந்த 15 நிமிஷத்தில் மெயிலைத் திறந்தால் தீர்ந்தது கதை. புதிதாக ஒன்று முளைக்கும், அதையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவீர்கள். மெயிலுக்குக் கடைசி மணி, அலாரத்துக்கு முன்பு.

அப்படியும் படுக்கையில் ஏதாவது கிளம்பி வந்தால், தலைமாட்டில் தாளும் பேனாவும் வையுங்கள். 2018-இல் வந்த மைக்கேல் ஸ்கல்லினின் தூக்க ஆய்வில், படுக்கும்முன் ஐந்து நிமிஷம் நாளைய வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். போனில் எழுத வேண்டாம். குறிப்பு எழுதப் போன கை அங்கேயே தங்கிவிடும்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வரலாமாமே?
– கல்லூரி மாணவர்

எத்தனை மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுவது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ஆக, ஒன்பது மணிக்குள் விளக்கை அணைக்க முடிந்தால் தாராளமாக நாலு மணிக்கு எழுந்திருங்கள். நேரத்தை மாற்றுவதானால் ஒரேயடியாக அல்லாமல், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னால் தள்ளுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரம். இன்னொன்றும் கவனியுங்கள்: காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியை வைத்துக்கொண்டு ஒன்பது மணித் தூக்கம் நடக்காது.

மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுகிறார். பதில் போடாவிட்டால் அப்ரைசலில் கைவைத்துவிடுவாரோ என்ற பயம். போட்டால் வீட்டில் சண்டை.
– மென்பொருள் நிறுவன ஊழியர்

பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. சட்டம் இல்லாத இடத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசுவதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும்.

இரண்டு வாரம் இப்போது செய்வதுபோலவே பதில் போட்டுக்கொண்டே இருங்கள். கூடவே ஒரு சின்னக் கணக்கு: மெசேஜ் வந்த நேரம், விஷயம், அன்றைக்கு ராத்திரியே பதில் போகாவிட்டால் என்ன கெட்டுப்போயிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். முடிவில் பார்த்தால், அநேகமாக மூன்று வகையாகப் பிரிந்து நிற்கும். ஒன்று, அவர் தன் ஞாபகத்துக்காகப் போட்டது. இரண்டு, காலையில் வேண்டியது. மூன்று, நிஜமாகவே அவசரம். பல மேனேஜர்கள் ராத்திரி மெசேஜ் போடுவது பதில் வேண்டி அல்ல. மறந்துவிடக் கூடாதே என்றுதான். நாம் உடனே பதில் போட்டுப் போட்டு, நமக்கு அந்த நேரம் தோதானது என்று அவரை நம்பவைத்திருக்கிறோம்.

பிறகு, வேலை அமைதியாக இருக்கும் ஒரு நாள் பகலில், நேரில் சொல்லுங்கள்: "சார், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் வருகிற மெசேஜுக்குக் காலை ஒன்பது மணிக்குள் பதில் போட்டுவிடுகிறேன். அன்றைக்கே முடியவேண்டியதாக இருந்தால் போன் பண்ணுங்கள், கட்டாயம் எடுக்கிறேன்." இதில் "முடியாது" என்ற வார்த்தையே இல்லை. போன் பண்ணுவதற்கு அவர் ஒரு நொடி யோசிக்க வேண்டும். அந்த ஒரு நொடியே பாதி மெசேஜை வடிகட்டிவிடும். ஒத்துக்கொண்டதை மறுநாள் ஒரு வரி மெயிலாகவும் போட்டுவையுங்கள்.

இது கெட்டுப்போவது மேனேஜரால் அல்ல, பெரும்பாலும் நம்மால்தான். பத்து நாள் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, பதினோராம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு "ஓகே சார்" என்று ஒன்று தட்டிவிடுவோம். அந்த ஒன்று பத்து நாள் வேலையையும் அழித்துவிடும். எப்போதாவது கிடைக்கும் பதில்தான் எதிர்பார்ப்பை உயிரோடு வைத்திருக்கும். ராத்திரி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், மெயிலில் எழுதி, காலை எட்டரைக்குப் போகும்படி நேரம் குறித்துவையுங்கள். சொன்ன காலை ஒன்பது மணியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இந்த ஏற்பாட்டுக்கு அது ஒன்றுதான் ஜாமீன்.

வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்களோடு வேலை என்றால் ஒன்பது மணிக் கணக்கு சரிவராது. அப்போது வாரத்தில் இரண்டு இரவுகளை முழுதாக அலுவலகத்துக்குக் கொடுத்து, மற்றவற்றை மீட்டுக்கொள்ளுங்கள். ஐந்து இரவுகளையும் அரைகுறையாக இழப்பதைவிட இது லாபம்.

கணவர் வீட்டு வேலையில் கூடமாட உதவுகிறார். இருந்தும் எனக்கு மட்டும்தான் களைப்பு. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.
– ஆசிரியை

"உதவுகிறார்" என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. வேலை உங்களுடையது, அவர் உதவிக்கு வருகிறார். 2019-இல் அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர், வீட்டின் மூளை உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் இருப்பார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான்.

பிள்ளைக்குத் தடுப்பூசி என்ற ஒரே வேலையைப் பிரித்துப் பாருங்கள். தேதி நெருங்குவது ஞாபகம் வரவேண்டும். அட்டை எந்த இழுப்பறையில் என்று தெரிய வேண்டும். மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்க வேண்டும். பள்ளிக்குச் சொல்ல வேண்டும். கூட்டிப்போக வேண்டும். ராத்திரி ஜுரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும். ஏழில் அவர் செய்வது ஐந்தாவது. கண்ணுக்குத் தெரிவதும் அது ஒன்றுதான்.

துண்டு துண்டாகக் கொடுக்காமல், முழு வேலையாகக் கைமாற்றுங்கள். இருவரும் உட்கார்ந்து வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். முப்பது நாற்பதாவது தேறும். அவற்றில் மூன்றை மட்டும், ஞாபகம் வைப்பதிலிருந்து முடிப்பதுவரை, அவர் பெயரில் எழுதுங்கள். "முடிந்தது" என்றால் என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பேசிவையுங்கள். உதாரணம்: "துணி என்றால் துவைத்து, காயவைத்து, மடித்து, அலமாரியில் வைப்பதுவரை; பள்ளிச் சீருடை ஞாயிறு மாலைக்குள்." பிறகு நான்கு வாரம் நீங்கள் ஞாபகப்படுத்தவே கூடாது.

அந்த நான்கு வாரம் சிரமமானது. ஒரு திங்கட்கிழமை சீருடை ஈரமாக இருக்கும். நீங்கள் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினால் வேலை உங்களிடமே திரும்பிவிடும். ஓடாமல் இருந்தால் இரண்டாவது திங்கட்கிழமை ஈரம் இருக்காது. அவர் மடிக்கும் விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பேசிவைத்த வரிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். மருந்து, தடுப்பூசி போலத் தவறினால் ஆபத்தானவற்றை முதல் மூன்றில் சேர்க்காமல், பழகிய பிறகு மாற்றுவது புத்திசாலித்தனம்.

புரமோஷன் வந்திருக்கிறது. சம்பளம் கூடும், பயணம் கூடும். ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது ஆசை, வேண்டாம் என்கிறது வீடு. எப்படி முடிவெடுப்பது?
– விற்பனைப் பிரிவு அதிகாரி

சம்பளம் எவ்வளவு கூடும் என்பது கடிதத்தில் எண்ணாக இருக்கிறது. நேரம் எவ்வளவு போகும் என்பது எந்தக் கடிதத்திலும் இருக்காது. அந்த எண்ணை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் கடைசியாக இருந்தவரைத் தேடிப் பிடியுங்கள். "வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். எண்ணாகக் கேளுங்கள்: போன மாதம் எத்தனை ராத்திரி வெளியூரில் தங்கினீர்கள்? போன நான்கு ஞாயிறுகளில் எத்தனை உங்களுடையது? மாதக் கடைசி வாரம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்? எத்தனை பேர் உங்களுக்குக் கீழே, அவர்களில் எத்தனை பேர் புதியவர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். புதியவர்கள் அதிகம் என்றால் முதல் ஆறு மாதம் இரண்டு ஆள் வேலை செய்ய வேண்டிவரும்.

வந்த எண்ணோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் எல்லோருமே நம் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதி என்பது அவர்கள் கணக்கு அல்ல, எங்கள் கைக்கணக்கு. வாரத்துக்கு 8 மணி கூடும் என்று அவர் சொன்னால் 12 என்று எழுதுங்கள்.

அந்த 12 எங்கிருந்து வரப்போகிறது? இங்கேதான் "எப்படியாவது சமாளிக்கலாம்" என்ற வார்த்தை வரும். அது பெரும்பாலும் தூக்கத்தையும் மனைவியின் மாலையையும்தான் குறிக்கும். பெயர் போட்டு எழுதுங்கள்: ஷட்டில் விளையாட்டு 3 மணி, பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது 4 மணி, சனிக்கிழமைத் தோட்டம் 2 மணி, டிவி 3 மணி. எழுதிய தாளை வீட்டில் காட்டுங்கள். டிவி போவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. பையனின் கணக்கு வரியில்தான் பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சு இப்போதே நடப்பது நல்லது, எட்டு மாதம் கழித்து நடப்பதைவிட.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். உழைப்பின் பலனாவது கூடுகிறதா? முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எழுதிவைத்த பதிவேடுகளை எடுத்துப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் 2014-இல் ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரம் வேலை செய்தபோது கிடைத்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 14 மணி நேரம் சும்மா போயிருக்கிறது. ஆலையிலேயே இப்படி என்றால், முடிவெடுக்கும் வேலையில் களைத்த மூளை நஷ்டமே உண்டாக்கும்.

உங்கள் கணக்கு 55-ஐத் தாண்டாவிட்டால் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் காலக்கெடுவோடு. ஆறாவது மாத முடிவில் ஒரு தேதி குறித்து, வீட்டில் எல்லோரும் பார்க்கும் காலண்டரில் எழுதுங்கள். அன்றைக்கு எதைப் பார்த்து முடிவெடுப்பீர்கள் என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள்: மாதம் எத்தனை ராத்திரி வெளியே, எத்தனை கணக்கு வகுப்பு தவறியது. தேதி இல்லாத "கொஞ்ச நாளைக்குத்தான்" என்பது எப்போதும் கொஞ்ச நாளில் முடிவதில்லை. மேலதிகாரியிடமும் கேட்டுவிடுங்கள்: சரிவராவிட்டால் பழைய இடத்துக்கோ அதற்கு இணையான இடத்துக்கோ திரும்ப முடியுமா? "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனால் போதும். சுற்றி இருப்பவர்கள் என்னைச் சோம்பேறி மாதிரி பார்க்கிறார்கள்.
– அரசு ஊழியர்

ஒழுங்காகச் செய்துவிட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பலருக்கு எட்டாத லட்சியம். ஒரே ஒரு எச்சரிக்கை: தொழிலில் கருவிகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்திலேயே நிற்கவும் மாதத்துக்கு நான்கைந்து மணி நேரம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அதை மட்டும் விடாதீர்கள். பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் திங்கட்கிழமை களைப்பாகவே எழுகிறேன். இதுதான் பர்ன்அவுட் என்கிறார்களா?
– மருத்துவமனைச் செவிலியர்

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்றுபோகும் தூக்கக் கோளாறு எல்லாமே "வேலைச் சோர்வு" என்ற வேஷத்தில் வரும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊருக்கு உபதேசம் செய்பவர்கள்தான் தனக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலைமீது விலகலும் கசப்பும், வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற எண்ணம். களைப்பு மட்டும் இருந்து, நோயாளி சிரித்தால் உங்களுக்கும் சிரிப்பு வருகிறது என்றால் அது வெறும் களைப்பு, ஓய்வு தீர்த்துவிடும். நோயாளி பெயர் மறந்து படுக்கை எண்ணாகத் தெரிய ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். வேலையில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டமின்றி இரண்டு வாரத்துக்குமேல் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, அது வேறு. அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

படுத்துக் கிடப்பது ஓய்வில் ஒரு வகைதான். ஸொனன்டாக், ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007-இல் வேலையிலிருந்து மீள்வதை நான்காகப் பிரித்து அளந்தார்கள்: வேலையை மனதிலிருந்து விலக்குவது, உடம்பும் மனதும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் கைத்திறன் கூடுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. உங்கள் ஞாயிறில் இரண்டாவது மட்டும் இருக்கிறது. படுத்தபடியே வார்டு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் முழுதாக இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், தையலோ நீச்சலோ வீணையோ, கையும் கவனமும் சேர்ந்து போகும் ஒன்றைச் செய்து பாருங்கள். முதல் இரண்டு ஞாயிறு எழுந்திருக்கவே மனம் வராது. மூன்று, நான்கு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்த மறுநாளை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடுங்கள், அன்றைக்குத் தூக்கம்தான் மருந்து.

அதோடு, ஷிப்டுக்கு ஆள் குறைவாக இருப்பதால் வரும் சோர்வை எந்த வீணையும் தீர்க்காது. ஆறு வாரத்தில் எத்தனை முறை இரட்டை ஷிப்ட் பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் புலம்பலாகப் போய்விடும்.

தினமும் ஒரு மணி நேரம் எழுத உட்கார வேண்டும் என்று தீர்மானம். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 25 நாள் ஆயிற்று, இன்னும் பழகவில்லை. இடையில் ஒரு நாள் விட்டுவேறு போயிற்று. மறுபடி முதலிலிருந்தா?
– சிறுகதை எழுத விரும்பும் வாசகி

21 நாளுக்கு ஆதாரம் இல்லை. பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி தாமதமாகும். எழுத்து நிச்சயமாகத் தண்ணீர் கட்சி அல்ல.

ஒரு நாள் விட்டது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே 26-ஆம் நாள் என்றே எண்ணுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் என்பதைக் குறைத்துவிடுங்கள். 15 நிமிஷம் போதும். அதற்குமேல் ஓடினால் ஓடட்டும். "தினமும் எழுதுவேன்" என்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: "ராத்திரி அடுப்பைத் துடைத்ததும் சாப்பாட்டு மேஜையில் நோட்டோடு உட்காருவேன்." நோட்டு முந்தைய வரி தெரியும்படி திறந்தே இருக்கட்டும். எழுதி முடிக்கும்போது, அடுத்த வாக்கியம் தெரிந்திருக்கும் இடத்திலேயே பேனாவை வைத்துவிடுங்கள்.